வலை அறுக்கும் முன்னே வண்டி எடுப்பவர்

முன்கிளம்பி என்றோர் இனம் உண்டு. இன்ன நாடு என்றில்லை, எங்கும் பரவிக் கிடக்கிறது. விமானம் தரையைத் தொட்டதுமே பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தலைக்கு மேலே பெட்டி இடிக்க, கூன் போட்டுக்கொண்டு நிற்கிறாரே ஒருவர்; சினிமாவில் வில்லன் முதல் அடி வாங்கியதுமே இருட்டில் செருப்பைக் காலால் துழாவுகிறாரே இன்னொருவர்; மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்கும்போது பந்தியில் இலைக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருக்கிறாரே மற்றொருவர்; இவர்களெல்லாம் அந்த இனத்தின் கிளைகள்தான். ஆனால் கலப்படமில்லாத அசல் முன்கிளம்பியைப் பார்க்க வேண்டுமானால், மார்ச் மாதம் அமெரிக்காவில் எங்கள் அயோவாப் பக்கம் வர வேண்டும். கல்லூரிக் கூட்டமைப்பின் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் அரங்கத்துக்கு வெளியே நின்றால் போதும். உள்ளே கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கையில் சாவியோடு தனியாக ஒருவர் வெளியே வருவார். அவரேதான்.

இங்கே குடியேறித் தலை நரைத்துப் போனவன் நான். என் அதிர்ஷ்டம், அந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி என் பக்கத்து வீட்டிலேயே வசிக்கிறது. பெயர் வெர்லின் ஆஸ்டர்ஹவுஸ். ஆயுள் முழுக்க விதைச்சோளம் விற்று ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். என் வீட்டு வாசலில் பனி விழுந்தால் நான் எழுவதற்கு முன்பே தள்ளிவிட்டுப் போயிருப்பார். அதுவும் முன்கிளம்பிப் புத்திதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

எங்கள் ஊர்க் கல்லூரியின் பெயர் மார்லோ. அணியின் பெயர் போர் வாத்துகள். ஏன் வாத்து, அது யாரோடு போர் செய்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். வைத்தவர்கள் இறந்துவிட்டார்கள். பெரிய கல்லூரிகள் நாலு ஆட்டம் தோற்றாலும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரும். எங்களைப் போன்ற சிறுசுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. குளிர்காலம் முழுக்க யாரை வேண்டுமானாலும் ஜெயித்துக்கொள்ளலாம். மார்ச்சில் கூட்டமைப்புப் போட்டியில் கடைசிவரை நின்று ஜெயிக்கிற ஒரே ஓர் அணிதான் தேசியப் போட்டிக்குப் போகும். மற்ற அணிகள் வீட்டுக்குப் போகும். ஜெயித்தவர்கள் ஆட்டக்களத்தின் நடுவிலேயே ஏணி போட்டு ஏறி, கூடையின் வலையை ஆளுக்கொரு இழையாகக் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றுத் துண்டைத் தொப்பியில் செருகிக்கொண்டு திரிவார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அலமாரியில் இருக்கும்.

மார்லோ ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறது. அது ரொம்பக் காலத்துக்கு முந்தைய கதை. அன்றைக்கு வெர்லின் அரங்கத்தில் இருந்தார். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். வலை அறுத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். "அன்னைக்கு வெளியில என்ன நெரிசல் தெரியுமா? நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்" என்பார்.

அவருடைய நியமங்களைச் சொல்கிறேன். வண்டியை எப்போதும் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், மூக்கு சாலையைப் பார்க்கும்படி பின்பக்கமாகச் செருகி நிறுத்துவார். அதற்காகவே கதவு திறப்பதற்கு வெகு முன்பே போய், குளிரில் கூட வந்தவர்களையும் உட்கார வைப்பார். இருக்கை நடைபாதையை ஒட்டித்தான் வேண்டும். இடைவேளைக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது சாவி பாக்கெட்டுக்குள் கிலுகிலுக்கும். அதற்கப்புறம் தொடைத்தட்டு.

தொடைத்தட்டு எங்கள் பக்கத்து மரபு. விருந்தாளி கிளம்ப நினைத்தால் இரண்டு தொடையிலும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "சரி, அப்ப" என்பார். தட்டியதும் போய்விடுவார் என்று நினைத்து அடுப்பை அணைத்து ஏமாந்தவன் நான். தட்டுவது வெறும் ஆரம்பம். அதன் பிறகு கூடத்தில் நின்று ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு, எல்லாம் உண்டு. வெர்லினும் என் வீட்டு வாசலில் அப்படித்தான் வேரூன்றி நிற்பார். ஆனால் கூட்டம் கூடிய இடத்தில் மட்டும் தட்டினால் தட்டியதுதான். மறுகணம் நடைபாதையில் இருப்பார். தேவாலயத்தில் கடைசிப் பாட்டு அவர் காதில் விழுந்தே கிடையாது. அப்படி ஓடிப்போய் வீட்டில் என்ன வேலை? நாற்காலியில் சாய்ந்து, தான் பார்க்காமல் வந்த கடைசி நாலு நிமிஷத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் வேலை.

நானும் டாயிலும் அவர் வண்டியில்தான் போவோம். டாயில் ஓய்வு பெற்ற முடிதிருத்துபவர். குளிரில் வண்டி ஓட்டக் கண் சரியில்லை. எனக்குக் கண் சரியாகத்தான் இருக்கிறது, சோம்பல்தான். ஆக எங்கள் இருவருக்கும் எந்த ஆட்டமும் எப்படி முடிந்தது என்று நேரில் பார்த்துத் தெரியாது.

இந்த வருஷம் மார்லோவின் பெண்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதுவும் எங்கள் தெருப் பல் டாக்டரின் மகள் அன்னிகா பிரேஃபோகிளின் புண்ணியத்தில். அவள் குழந்தையாக இருந்தபோது வெர்லின் தன் கார் கொட்டகைக்கு மேலே ஒரு கூடையை மாட்டிவிட்டார். அதில் எறிந்து எறிந்துதான் ஆடக் கற்றுக்கொண்டாள். குறி தவறிய பந்தெல்லாம் பட்டு கொட்டகைக் கதவு சொட்டையாகிக் கிடக்கிறது. புதுக்கதவு போடுங்கள் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் அதைத் தடவிப் பார்ப்பாரே தவிர மாற்ற மாட்டார்.

இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பும் அன்று அவர் மனைவி லவான் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றாள்.

"அந்தப் பொண்ணு நம்ம கதவ நசுக்கி நசுக்கிக் கத்துக்கிட்டா" என்றாள். "இன்னைக்கு அவ ஏணி ஏறினா, நான் பாக்கணும். நீயும் பக்கத்துல நின்னு பாக்கணும். பாதியில எழுந்தேன்னா நீ மட்டும் போ. நான் வரமாட்டேன்."

வெர்லின் தலையாட்டினார். அரங்கத்தில் வண்டியை நிறுத்தியதும் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஆட்டம் முடியற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். டாயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஒரு மனிதன் அறுபது வயதுக்கு மேல் திருந்துவதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

எதிரணி டன்மோர் கல்லூரி, ஊதாச் சட்டை. அரங்கத்தின் பாதி ஊதாவாகவே இருந்தது. இடைவேளை வரை எங்கள் வாத்துகள் நன்றாகத்தான் நீந்தின. பிறகு எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியது. முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் அணிக்காக வாத்து வேஷம் போட்டு ஆடுபவர் வேஷத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார். நான் பக்கவாட்டில் பார்த்தேன். வெர்லினின் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் போட்டாகிவிட்டன.

தொடைகள் இரண்டும் அதிர்ந்தன. "சரி, அப்ப" என்றார்.

லவான் களத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சாவி என் பையில இருக்கு."

வெர்லின் குனிந்தார். இடது காலின் காலுறைக்குள் விரலை விட்டு, மாற்றுச் சாவி ஒன்றை எடுத்தார். லவான் அந்தச் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி களத்தைப் பார்த்தாள். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சாவியை விழுங்கியிருப்பேன். அவரோ நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். டாயிலும் நானும்? எங்களைக் கேட்காமலே எங்கள் கால்கள் எழுந்துவிட்டன. பழக்கம் அப்படி.

வண்டி கிளம்பி முதல் ஆளாகச் சாலைக்கு வந்தது. "பாத்தியா, ஒரு ஈ காக்கா இல்ல" என்று வெர்லின் பெருமைப்பட்டுக்கொண்டே வானொலியைத் திருகினார். அறிவிப்பாளரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. வித்தியாசம் ஆறாம். வானொலிக்காரர்கள் எப்போதும் ஊதித்தான் சொல்வார்கள் என்றார் வெர்லின். அடுத்த சிக்னலில் வித்தியாசம் மூன்று. டன்மோர் பெண்கள் தடுக்க ஆளில்லாமல் சும்மா கிடைத்த எறிகளைக்கூடத் தவறவிடுகிறார்களாம். சிக்னல் பச்சையானது, வண்டி நகரவில்லை. அன்னிகா மணி அடிக்கும் நொடியில் வளைவுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுத்தாளாம். சமநிலை. கூடுதல் நேரம்.

வெர்லின் வண்டியைத் திருப்பிய திருப்பில் டாயிலின் மூக்குக்கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. ஆனால் எங்கள் பழைய இடத்தில் கூம்புகள் வைத்து, கூட்டத்தை வெளியே விட வழி அமைத்திருந்தார்கள். காவலர் கையைக் காட்டிய இடம் வண்டி நிறுத்தும் மைதானத்தின் கோடி, கடைசி வரிசை. வெர்லின் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைசி வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"வெளிய போனா திரும்ப விடக்கூடாது கண்ணு. போர்டுலயே எழுதியிருக்கு."

"அந்தப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல ஆடக் கத்துக்கிட்டவம்மா" என்றார் வெர்லின்.

"அப்ப ஏன் கண்ணு வெளிய போனீங்க?"

வெர்லின் காலுறைச் சாவியைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் ஒளித்தார்.

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக ஆட்டம் தெரியவில்லை. தெரிந்தது ஒரு தின்பண்டக் கடையும், அதில் சிப்ஸ் மேல் உருக்கிய பாலாடைக்கட்டியைப் பம்பு வைத்துப் பீய்ச்சிக்கொடுக்கும் பெண்ணும்தான். அவள் கண் மட்டும் மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில் இருந்தது. ஆகவே மார்லோ கல்லூரியின் வரலாற்றில் மிகப் பெரிய ஆட்டத்தை நாங்கள் மூவரும் அவள் பம்பில் பார்த்தோம். பம்பு நின்றால் பந்து காற்றில் இருக்கிறது. பம்பு சாதாரணமாக ஓடினால் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள் நிறுத்த மறந்து, தட்டு நிரம்பி, மேசை நிரம்பி, பாலாடைக்கட்டி அவள் காலணியில் வழிந்தபோது உள்ளே ஒரு பெருஞ்சத்தம் எழுந்து கண்ணாடி அதிர்ந்தது. வாத்தியக் குழு எங்கள் கல்லூரிப் பாட்டை வாசித்தது. ஜெயித்துவிட்டோம். டாயில் என்னைக் கட்டிக்கொண்டார். வெர்லின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார். அந்தக் கண்ணீரில் கலப்படமில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

இப்போது கதையின் அருமையான இடம். ஆட்டம் முடிந்ததால் கதவுகள் விரியத் திறந்தன. "இப்பப் போங்க கண்ணு, இனிமே யாரு கேக்கப் போறா" என்றார் நாற்காலிப் பெண்மணி. உள்வாசல் வழியே ஏணியின் கால்கள் தெரிந்தன. அதைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் தெரிந்தன. வலை இன்னும் முழுசாகத் தொங்கியது. வெர்லின் ஓர் அடி எடுத்து வைத்தார்.

அதே சமயம் தோற்ற டன்மோர் கூட்டம், ஊதா வெள்ளமாக, பார்க்கிங்கை நோக்கி வர ஆரம்பித்தது.

அவர் ஏணியைப் பார்த்தார். ஊதாவைப் பார்த்தார். அந்த முகத்தில் நடந்த போரை எந்த வாத்தும் செய்திருக்காது. போய்விடுங்கள், உள்ளே போய்விடுங்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். வெர்லின் நின்றபடியே குனிந்து, தொடைகளைத் தட்டினார்.

"சரி, அப்ப. நீங்க பாத்துட்டு வாங்க. நான் போய் வண்டிய எடுத்து வெக்கறேன்."

யாருக்காகவோ தியாகம் செய்கிறவர் குரலில் சொன்னார். போய்விட்டார்.

டாயிலும் நானும் உள்ளே போனோம். அன்னிகா ஏணி ஏறி ஒரு இழையைக் கத்தரித்தாள். இறங்கி நேராக லவானிடம் ஓடிவந்து அதை அவள் கையில் வைத்தாள். வெர்லின் எங்கே என்று கேட்டாள். "வண்டி எடுக்கப் போயிருக்கார்" என்றாள் லவான். அன்னிகா சிரித்துவிட்டாள், தெருவில் வளர்ந்த பெண், அவளுக்குத் தெரியாதா?

நாங்கள் சாவகாசமாக எல்லாரிடமும் விடைபெற்று வெளியே வந்தபோது வண்டி எங்கே இருந்தது? அதே கடைசி வரிசையில், அதே இடத்தில், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. முன்னால் ஊதாக் கொடி கட்டிய கார்களாக நின்றன. ஏறி உட்கார்ந்தோம். வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எப்படி இருந்தது என்று கேட்டார்.

லவானுக்கு நல்ல மனசு. சொல்ல ஆரம்பித்தாள். "அவ ஏணி மேல போயி, கத்தரிய வாங்கிக்கிட்டு, நம்ம பக்கம் திரும்பி..."

முன்னாலிருந்த கார் ஒரு முழம் நகர்ந்தது. வெர்லின் தொடையைத் தட்டினார். "சரி, அப்ப. மிச்சத்த வீட்டுல சொல்லு."

லவான் வலைத் துண்டைப் பைக்குள் வைத்து மூடினாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் "சரி சரி, புரியுது" என்று சொன்னது யார்? வாசலில் நின்ற விருந்தாளியிடம் பேசிக்கொண்டே கதவைப் பாதி சாத்தியது யார்? இதோ, இந்தப் பத்தி எங்கே முடிகிறது என்று உங்கள் கண் சற்று முன் கீழே ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனதே, எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பொத்தானைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். எழுந்து போனவர்களுக்குக் கிடைக்காதது ஒன்று பாக்கி இருக்கிறது.

வீட்டு வாசலில் இறங்கியதும் லவான் அந்தக் காலுறைச் சாவியைக் கேட்டு வாங்கினாள். பையிலிருந்த வலைத் துண்டை அதன் துளையில் கோர்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, திருப்பி அவரிடமே கொடுத்தாள். "அடுத்த தடவ இத வெளிய எடுக்கறப்ப, மொதல்ல இதப் பாத்துட்டு எழுந்திரு" என்றாள். வெர்லின் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சொட்டை விழுந்த கதவுக்கு முன்னால் அசையாமல் நின்றார். அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு அவர் இனி எழ மாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

வெர்லின் தன் தொப்பிக்குள் மூன்றாவது சாவி ஒன்று வைத்திருக்கிறார் என்பது அதுவரை டாயிலுக்கு மட்டும்தான் தெரியும். முடி வெட்டியவர் அல்லவா?