எடை கூடிய அருள்

விண்ணொளியார் விற்றது வேறொன்றுமில்லை, வானத்தைத்தான். கையகலப் பெட்டியாய் ஒரு செயற்கைக்கோள். அதற்குள் அவர் தியானம் செய்து அடைத்த அருள். ராக்கெட்டில் மேலே போனதும் அது பூமியைச் சுற்றிச் சுற்றி அருளைப் பொழியும். பொழிவதைப் பிடிக்க வீட்டுக்கொரு கண்ணாடி விளக்கு வேண்டும். விளக்கை அவரிடம்தான் வாங்க வேண்டும். வானத்திலேயே கிளை திறந்த மனிதர்!

ஏவும் நாளன்று மண்டபத்தில் நாற்பதாயிரம் பேர். சரி, நானூறு. ஆனால் விட்ட பெருமூச்சு நாற்பதாயிரம் பேருக்கானது. முன்வரிசையில் என் மனைவி, மடியில் தன் தையல் கடைப் பத்திரத்தோடு. கடையை எழுதிக் கொடுத்தால் விளக்கு விற்கும் ஏஜென்சி கிடைக்குமாம்.

"முப்பது வருஷம் மிஷின் மிதிச்சு உண்டாக்கின கடை, யோசிச்சுக்கோ."

"நீங்க சும்மா இருங்க. இனிமே உக்காந்த இடத்துலயே வருமானம்."

திரையில் ராக்கெட் சீறிக் கிளம்பியது. விண்ணொளியார் கண்ணை மூடினார். "என் பெட்டி பிரிஞ்சிடுச்சு... சுத்துது... இதோ, அருள் இறங்குது!"

சரியாகப் பத்து இருபதுக்குக் கூட்டத்தின் கையிலிருந்த நானூறு விளக்கும் குப்பென்று எரிந்தன. ஒருவர் பரவசத்தில் மயங்கி விழுந்தார். விழுந்த இடத்தில் முன்கூட்டியே மெத்தை போட்டிருந்தார்கள்!

மனைவி பத்திரத்தோடு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து மருமகள் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். ராக்கெட் கம்பெனியில் சரக்கு எடை போடுகிறவள். அங்கே கிராமுக்குக் கிராம் கட்டணம்.

"ஐயா, இந்தாங்க உங்க பெட்டி. எடை கூடுதல்னு போன வாரமே இறக்கிட்டோம். மூணு கடிதம் போட்டோமே, பாக்கலையா?"

எப்படிப் பார்ப்பார்? காசோலை இல்லாத உறையை அவர் பிரிப்பதே இல்லை.

"என்னடா கனம்னு திறந்து பார்த்தா, உங்க பித்தளைச் சிலை!"

விண்ணொளியார் சுதாரித்தார். "பெட்டி வெறும் உடம்பும்மா. அருள் மட்டும் மேல போயிடுச்சு. அதுக்கு ஏது எடை?"

"அதானே!" என்றது கூட்டம்.

மனைவி மட்டும் தலையாட்டவில்லை. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தன் விளக்கின் அடியில் ஒட்டியிருந்த வெல்வெட்டை ஒரே கிழி. உள்ளே பேட்டரி, கூடவே குட்டி அலாரக் கடிகாரம். அலார முள் பத்து இருபதில் நின்றது.

"ஏம்மா, போன வாரமே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்தை?"

பத்திரம் கைப்பைக்குள் போனது. விண்ணொளியார் ராக்கெட்டைவிட வேகமாகப் பின்வாசல் வழியே போனார்.

ராக்கெட்டில் ஏறுகிற பெட்டிதான் எடையைக் குறைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எதற்கய்யா மூளையைக் கழற்றி வைக்கிறீர்கள்?