தண்ணீர் படாத தீயணைப்பு வண்டி

மனித குலத்துக்கு இங்கிலாந்து வழங்கிய கொடைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் நாடாளுமன்றம், ரயில், கிரிக்கெட் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நான்காவதை யாரும் சொல்வதில்லை. தீயணைப்பு வண்டிக்கு மெருகேற்றும் கலைதான் அது. தீயை அணைப்பது எந்த நாட்டிலும் நடக்கிற சாதாரண வேலை. அணைக்கிற வண்டியைத் தீ, புகை, தண்ணீர் ஆகிய மூன்றும் அண்டாமல் காப்பாற்றி வைப்பதற்குத்தான் நாகரிகம் வேண்டும். அந்த நாகரிகம் யார்க்‌ஷயரில் கார்ல்பெக் என்னும் எங்கள் சிற்றூரில் உச்சத்தைத் தொட்டது. தொட்டபோது செயலாளராக இருந்தவன் அடியேன், டெஸ்மண்ட் ஹாயில்.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். நெருப்பைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே 'கார்ல்பெக் தீயணைப்பு வண்டிப் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம்' என்னைச் செயலாளராக்கிக்கொண்டது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்கள். வேறு காரணம் எதையும் அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத்தின் தலைவர் நார்மன் பிக்கர்ஸ்கில், முன்னாள் கம்பள வியாபாரி. சிவப்பில் பதினொரு வகை உண்டு என்று நம்பியவர். மற்றவர்களுக்கு அவை ஒரே சிவப்பாகத் தெரிந்தன என்பது மற்றவர்களின் குறை. சங்கத்தின் சொத்து மூன்று வண்டிகள். 1931-ஆம் வருடத்து வண்டிக்குப் பித்தளை மணியும் நீண்ட மர ஏணியும் உண்டு. 1956-ஆம் வருடத்துப் பச்சை வண்டி, அணுகுண்டு விழுந்தால் ஊரை அணைப்பதற்காக அரசாங்கம் செய்தது. அணுகுண்டு விழாததால் வண்டி நல்ல நிலையில் இருந்தது. மூன்றாவது, 1978-இல் செய்த சிவப்பு வண்டி. மூன்றும் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றன. மாடுகளும் அங்கேதான் நின்றன.

கோடையில் பழைய வண்டிகளின் போட்டிப் பேரணிகளுக்குப் போவோம். நடுவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து வண்டியைத் தடவுவார். ஒரு வருடம் எங்கள் வாளிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்ததற்காக அரை மதிப்பெண் போயிற்று. நார்மன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து, சங்கத்து வண்டிகளின் பக்கத்தில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று விதி வகுத்தோம். விதியை எழுதியது நான்தான்.

இவற்றைத் தவிர, சந்தைத் திடலை ஒட்டி ஊரின் தீயணைப்பு நிலையம் ஒன்றும் இருந்தது. அதில் ஒரே ஒரு வண்டி. அது தினசரி அழுக்காகிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. அதில் ஏறுகிறவர்கள் முழுநேர ஊழியர்களும் அல்லர். அவசரத்துக்கு அழைக்கிற பேஜர் இடுப்பில் அடித்தால் ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வருவார், பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். குழுவின் தலைவி இறைச்சிக் கடை பிரெண்டா ஓல்ட்ராய்ட். அவள் பாதி வெட்டில் கத்தியை வைத்துவிட்டு ஓடினால், வரிசையில் முதலில் நிற்பவர் கல்லாப் பக்கம் போய் நின்று கடையைப் பார்த்துக்கொள்வார். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அப்படியே நடந்துவந்தது.

ஒரு மார்ச் மாதம், மாவட்டத் தீயணைப்புத் தலைமையகத்திலிருந்து ஃபேர்கிளஃப் என்ற அதிகாரி எங்கள் கொட்டகைக்கு வந்தார். நல்ல காலணி போட்டு வந்துவிட்டதால் கடைசிவரை ஒரே இடத்தில் நின்றார்.

"நிலையத்த மூடப் போறீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே?" என்றேன்.

"மூடுறதுன்னு யார் சொன்னா? தூரத்துலேருந்து பாதுகாக்கப் போறோம், அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம்?"

"ஸ்கெல்பி ஊர் நிலையம். இருபத்து நாலு நிமிஷம். டிராக்டர் குறுக்க வரலேன்னா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொதுமக்கள் கருத்து கேட்டுக்கிட்டிருக்கோம். உங்க சங்கம் மாதிரி அனுபவசாலிங்க என்ன சொல்றாங்கங்கிறதுதான் முக்கியம். ஒருவேள நிலையம் காலியாச்சுன்னா, அந்தக் கட்டடத்துக்குப் பொருத்தமா யாராவது வேணும். மியூசியம் மாதிரி. நிலையத்து வண்டியும் சும்மாதான் நிக்கும்."

நார்மன் மாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம்.

அடுத்த செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கமிட்டி கூடியது. பிரெண்டாவும் வந்திருந்தாள். அவள் எங்கள் கௌரவ உறுப்பினர். நிலையத்தைக் காப்பாற்றச் சொல்லி ஊரில் ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கித் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தாள். எங்கள் சங்கமும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் வந்தாள்.

"டெஸ்மண்ட் கண்ணு, ரெண்டே நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்," என்றாள். பிரெண்டாவுக்கு எல்லாரும் கண்ணுதான், பன்றி விற்க வருகிறவர் உட்பட.

"நிகழ்ச்சி நிரல்ல நீங்க இல்லையே. கடைசியில 'இதர விஷயங்கள்'னு ஒண்ணு இருக்கு. அப்ப பேசலாம்."

"வண்டி இல்லேன்னா ஆள் செத்துப் போவாங்க. அது இதர விஷயமா?"

"நிரலில் வேறு தலைப்பு இல்லை," என்று எழுத்து நடையிலேயே சொன்னேன். அப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

கூட்டம் முறைப்படி நடந்தது. சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. தேநீருக்கு இஞ்சி பிஸ்கட்டா வெண்ணெய் பிஸ்கட்டா என்பதில் இருபது நிமிடம் கருத்து மோதல். 1978 வண்டியின் கதவுக்கு எந்தச் சிவப்பு என்பதில் நாற்பது நிமிடம். பிரெண்டா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதர விஷயங்களுக்கு நான் பக்கத்தைப் புரட்டிய நேரத்தில் அவள் இடுப்பில் பேஜர் அடித்தது.

"எனக்குப் பதிலா நீங்களே சொல்லிடுங்க கண்ணு," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

லோஃபோல்டு பண்ணையில் வைக்கோல் கொட்டகை எரிந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் அவர்கள் அங்கே இருந்தார்கள். பதினாறு கன்றுக்குட்டிகளையும் வெளியே கொண்டுவந்தார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. "முன்மொழிய வேண்டியவங்களே இல்லையே, என்ன பண்றது?" என்று நார்மன் கேட்டார். எனக்கு விதி தெரியும். பின்வருமாறு பதிவு செய்தேன்: 'திருமதி ஓல்ட்ராய்ட் தமது கோரிக்கைக்குரிய நேரத்தில் அவையை விட்டு வெளியேறினார். ஆர்வமின்மை எனக் கருதப்பட்டது.' அதன்பின், நிலையத்தை மூடுவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த வரியை எழுதும்போது என் பேனா கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எழுத்து அவ்வளவு அழகாக வேறெப்போதும் அமைந்ததில்லை.

தலைமையகம் ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்துகளை 'உணர்ச்சிவயப்பட்டவை' என்று ஒரு தட்டிலும், எங்கள் ஒரு கடிதத்தை 'நிபுணர் கருத்து' என்று இன்னொரு தட்டிலும் வைத்து எடை போட்டது. எங்கள் தட்டு தரையைத் தொட்டது.

செப்டம்பரில் நிலையம் மியூசியமானது. எங்கள் மூன்று வண்டிகளும் மாடுகளை விட்டு அங்கே குடிபுகுந்தன. நிலையத்தோடு எங்களுக்கு வந்த நான்காவது வண்டிக்கு நாங்கள் செய்த பணிவிடையைச் சொன்னால் பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். துரு பிடிக்கும் என்று தொட்டியைக் காலி செய்தோம். அமிலம் கசியும் என்று பேட்டரியை எடுத்தோம். குழாய்களை அழகாகச் சுருட்டி, கலையாமல் இருக்க நூலால் தைத்தோம். சைரனை மட்டும் சுவர் மின்சாரத்தில் இணைத்து, வருகிறவர்கள் அழுத்த ஒரு பொத்தான் வைத்தோம்.

பிரெண்டா திறப்பு விழாவுக்கு வரவில்லை. கடையில் பார்த்தபோது, எனக்கு வேண்டிய ஈரலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "ஆர்வமில்லன்னு எழுதினீங்களாமே," என்றாள்.

"அது ஒரு நடைமுறைச் சொல்தான்," என்றேன்.

"சரி கண்ணு," என்றாள். பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். அடுத்த வாரம் ஈரலை ஸ்கெல்பியில் வாங்கினேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. லீட்ஸிலிருந்து முப்பது ஓய்வூதியர்கள் பேருந்தில் வந்திருந்தார்கள். 'வேகம்: அன்றும் இன்றும்' என்ற தலைப்பில் நான் உரை நிகழ்த்த வேண்டும். அப்போதுதான் என் பித்தளைத் தலைக்கவசத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தலைக்கவசம் இல்லாமல் வேகத்தைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? மனைவி மார்ஜரிக்குப் போன் செய்தேன்.

"அடுப்புல சிப்ஸ் போட்டிருக்கேன்," என்றாள்.

"மேல அறையில அலமாரிக்குப் பின்னால இருக்கும். எடுத்து வையி, ஒரு ஆள அனுப்பறேன். ஒரு நிமிஷ வேலைதானே?"

அலமாரிக்குப் பின்னால் ஐந்து பழைய தலைக்கவசங்கள் இருந்தன. எது பேரணிக்குரியது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கீழே எண்ணெய்ச் சட்டி அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

நான் 1931-ஐ முடித்து 1956-க்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி வாசலைக் காட்டினார். "அந்தப் புகையும் நிகழ்ச்சியில உள்ளதுதானா?"

சேப்பல் தெருவில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. மியூசியத்திலிருந்து இருநூறு கஜம். அவசர எண்ணைக் கூப்பிட்டேன். ஸ்கெல்பியிலிருந்து வண்டி கிளம்புகிறது, பதற்றப்பட வேண்டாம் என்றார்கள். நான் பதறினேன். வண்டிகளின் பிறந்த வருடம் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அப்போது பிரெண்டா ஓடி வந்தாள். இறைச்சிக் கடை ஏப்ரனும், கையில் வெட்டுக் கத்தியும். பழைய பழக்கத்தில் கால் தானாக நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

"தண்ணி இருக்கா?"

"தொட்டி காலி. துரு பிடிக்கும்."

"பேட்டரி?"

"எடுத்துட்டோம்."

"குழாய்?"

"தைச்சிருக்கு."

"பின்ன என்னதான்யா வேலை செய்யுது இதுல?"

பதிலுக்குச் சைரன் அலறியது. உதவ வேண்டும் என்ற ஆவலில் லீட்ஸ்காரர் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டார், அது மாட்டிக்கொண்டது. சைரனைக் கேட்ட ஊர் நிம்மதியாயிற்று. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள், 'வண்டி கிளம்பிடுச்சு' என்று சொல்லி மூடிக்கொண்டார்கள். மேல் ஜன்னலில் நின்று பின்புறக் கூரைமேல் இறங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த மார்ஜரியும் சைரனைக் கேட்டாள். இதோ வந்துவிடுவார்கள் என்று அங்கேயே நின்றுவிட்டாள். கூரைக்குப் போகிற வழி அதற்குள் எரிய ஆரம்பித்துவிட்டது.

பிரெண்டா 1931 வண்டியைச் சுற்றியிருந்த பட்டுக் கயிற்றைக் கத்தியால் ஒரே வெட்டு வெட்டினாள். மர ஏணியை இழுத்தாள்.

"அதுல மூணு பூச்சு வார்னிஷ்," என்றார் நார்மன். "வெளிய கொண்டுபோறதுன்னா ஒரு படிவம் இருக்கு."

"ஏணிக்கு அந்தப் பக்கத்தப் பிடி, இல்லேன்னா வழிய விடு."

நார்மன் பிடித்தார். அவர் தம் வாழ்க்கையில் செய்த ஒரு நல்ல காரியம் அது என்று சொல்வேன். நானும் பிடித்தேன், ஆனால் என் கை ஆடியதில் ஏணி ஆடியது. பிரெண்டா என்னைத் தள்ளிவிட்டாள். என் வீட்டு மேல் ஜன்னலில் ஏணியைச் சாய்த்து ஏறினாள். தோளில் மார்ஜரியைப் போட்டுக்கொண்டு இறங்கும்போது அவள் இடது முன்கை முழங்கைவரை வெந்திருந்தது.

ஸ்கெல்பி வண்டி இருபத்தேழாவது நிமிடத்தில் வந்தது. டிராக்டர் குறுக்கே வந்ததாம். சமையலறை, மாடி, கூரை எல்லாம் போயிருந்தது. 'திருத்தியமைக்கப்பட்ட இலக்குக்குள் வந்து சேர்ந்தோம்' என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த இலக்கைத் திருத்தியமைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு என்று எனக்குத் தெரியும்.

பிரெண்டாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். போகிறபோது, "கடையில யாராவது நிக்கிறாங்களா?" என்று கேட்டாள். நிற்கிறார்கள் என்று சொன்னார்கள்.

மார்ஜரி நடைபாதையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த தேநீர் கையில் இருந்தது, குடிக்கவில்லை.

"சைரன் கேட்டுச்சு டெஸ்மண்ட்," என்றாள். "நீ வந்துட்டேன்னு நினைச்சேன்."

அவள் கையில் ஆறிப்போயிருந்த தேநீரை வாங்கிக் கீழே வைத்தேன். இதற்கென்று விதி எதுவும் கிடையாது.

விசாரணை அலுவலர் வந்தார், இளம்பெண். மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு மார்ஜரி பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்தார். "ரெண்டே கேள்விதான்மா. தீ பிடிக்கக் காரணம்?"

மார்ஜரி யோசித்தாள். பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.

"தீ பரவக் காரணம்?"

"மேல எழுதினீங்களே, அதே பேர். கூடவே 'செயலாளர்'னு போட்டுக்குங்க."

அந்தப் பெண் தயங்கிப் படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் வாசித்துப் பார்த்தேன். என் பெயர் இரண்டு இடத்திலும் பிழையில்லாமல் இருந்தது. முப்பத்தொரு வருட எழுத்தர் வேலையில்கூட இதைவிடச் சரியான குறிப்பு எதையும் நான் பார்த்ததில்லை. 'உண்மையான பதிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.