சொம்பு சொன்ன வண்டி

எங்க ஊரு பாக்கார் ஆராங்குல ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போற கூட்டத்தைவிட, புவனேஸ்வரனோட பழைய வண்டிக் கடைக்குப் போற கூட்டந்தான் பெருசு. ஏன்னு கேக்கறீங்களா? அங்கதான் டீசல் சித்தர் இருக்காரு. ஆமாங்க, டீசல் சித்தர். சிரிக்காதீங்க. சிரிச்சவன் வண்டிக்கெல்லாம் கியர் பாக்ஸ் போயிடும்னு அவரு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்காரு.

நான் யாருன்னு சொல்லிடறேன். அந்தக் கடை வாசல்ல, ஐஸும் தேங்காப்பாலும் போட்ட செண்டோல் விக்கிற முகுந்தன். சித்தர் வந்த நாள்லேருந்து என் வியாபாரம் அமோகம். அதனால நான் சொல்றத வயித்தெரிச்சல்னு யாரும் தள்ளிட முடியாது.

நம்ம ஆளுங்களுக்கு பிக்கப் வண்டின்னா அது ‘ஃபோர் வீல்’. முன் சக்கரம் இழுத்தாலும் இழுக்காட்டியும் பேரு அதுதான். ஒரு ஃபோர் வீல் வாங்கறதுக்குள்ள நாங்க பேசற பேச்சு இருக்கே, தேர்தல் தோத்துச்சு. சாப்பாட்டுக் கடையில ஒரு மேசை மூணு லிட்டர் எஞ்சின் கட்சி, அடுத்த மேசை ரெண்டரை லிட்டர் கட்சி.

“மூணு லிட்டர்ல இருக்கிற இழுவை வேற எதுல இருக்கு, சொல்லுலா.”

“உன் மூணு லிட்டரு முதல்ல எண்ணெய் ஸ்டேஷனை விட்டு வெளிய வரட்டும். அப்புறம் இழுக்கறதப் பத்திப் பேசலாம்.”

டீசல் விலை ஏறுனதிலேருந்து சண்டைக்குக் காரம் கூடிப்போச்சு. டர்போங்கிறான், செயினா பெல்ட்டாங்கிறான், பின்னாடி ஸ்பிரிங் பட்டையில எத்தனை இலைங்கிறான். இவ்வளவு பேசறவன் ஒருத்தனாவது பானெட்டைத் திறந்து பாப்பானா? மாட்டான். கடைசியில ரெண்டு கட்சியும் தோள்ல கை போட்டுக்கிட்டு சித்தர் முன்னாடி வந்து நிக்கும்.

சித்தரோட நிஜப் பேரு முருகையா. முன்ன வீடு வீடாப் போய் தண்ணி ஃபில்டர் வித்தவரு. அது போணியாகல. உடனே ஞானம் வந்திடுச்சு. கூலிம் பக்கத்துல ஏதோ ஒரு பழைய ரப்பர் காட்டுல உக்காந்திருந்தப்ப எஞ்சின் பாஷை தன்னால புரிஞ்சுதாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் மாதிரி, எஞ்சினுக்கும் முதலாளிக்கும் ஏழு பொருத்தம் இருக்காம். ரோகிணிக்கு டர்போ ஆகாதாம். மூலத்துல பொறந்தவன் ரெண்டரை லிட்டர் வாங்கினா மாமனாருக்குக் கண்டமாம். அதைக் கேட்டுட்டு ரெண்டு பேரு வேணும்னே ரெண்டரை லிட்டர் வாங்கிட்டுப் போனத நானே பாத்தேன்.

பரீட்சை இப்படி நடக்கும். வாங்கப் போற வண்டியை வெயில்ல நிறுத்தி பானெட்டைத் தூக்கிடணும். சித்தரோட சிஷ்யன் காளிதாசன், முப்பது வயசு தடியன், டிரைவர் சீட்டுல ஏறி எஞ்சினை ஓட விடுவான். கறுப்புக் கண்ணாடி நாலும் இறுக்க மூடியிருக்கணும். மந்திரக் காத்து வெளிய போயிடக் கூடாதாம். சித்தரு ஒரு பித்தளைச் சொம்புல கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி எஞ்சின் தலைமேல வைப்பாரு. வாங்கறவன் நட்சத்திரத்தைச் சொல்லி மணி அடிப்பாரு. தண்ணி சும்மா சிலுசிலுத்தா எஞ்சின் ஏத்துக்கிச்சு. துள்ளி வெளிய தெறிச்சா கோபம். அவ்வளவுதான், அந்த வண்டிய வாங்கக் கூடாது.

வெளியிலேருந்து கொண்டு வர்ற வண்டிங்க எல்லாம் கோபக்கார வண்டியாவும், புவனேஸ்வரன் கடை வண்டிங்க எல்லாம் சாதுவாவும் இருக்கும். இதப் பாத்து ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா? “புவனேஸ்வரன் கை ராசி”ன்னாங்க. என்னத்தச் சொல்ல!

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான் கரங்கான்லேருந்து ராமையாவும் அவரு சம்சாரம் அம்சவள்ளியும் வந்தாங்க. மேட்டுல இருக்கிற சின்னச் சின்னத் தோட்டங்கள்லேருந்து எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைய ஏத்தி எடை போடற இடத்துக்குக் கொண்டு போறது அவங்க பொழப்பு. பழைய வண்டி படுத்திடுச்சு. குலை வெட்டிப் போட்டா அழுகும், யாரும் காத்திருக்க மாட்டாங்க. திங்கக்கிழமை காலையில வண்டி மேட்டுக்கு வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு தோட்டக்காரங்க சொல்லிட்டாங்க. நாளைக்குத்தான் அந்தத் திங்கக்கிழமை.

அம்சவள்ளிக்குப் பிடிச்சது அதே ஊரு அம்மாசியோட வெள்ளை வண்டி. ரெண்டரை லிட்டர், பழசுதான், ஆனா நாலு சக்கரமும் இழுக்கும். முந்தின நாளே பாரம் ஏத்தி அதே செம்மண் மேட்டுல ஓட்டிப் பாத்திருச்சு அந்தம்மா. ராமையாவுக்கோ சித்தர் சொல்லாம தூக்கம் வராது. அதனால அம்மாசியையும் வண்டியையும் சேத்து இழுத்துட்டு வந்திட்டாரு.

“நட்சத்திரம்?”னு கேட்டாரு சித்தரு.

“விசாகம் சாமி,”ன்னாரு ராமையா, கையக் கட்டிக்கிட்டு.

“ஓட்டப் போறது நான்,”னு அம்சவள்ளி குறுக்க விழுந்துச்சு. “இவருக்கு லைசென்ஸே கிடையாது.”

“ஆம்பளை ராசிதாம்மா எஞ்சினுக்கு. பொம்பளை ராசி சீட் கவருக்கு.”

கூட்டம் கையத் தட்டுச்சு. தட்டுனதுல பாதிப் பேரு பொம்பளைங்க. அந்த வயித்தெரிச்சல எங்க போய்ச் சொல்ல?

வெள்ளை வண்டிக்குச் சொம்பு வச்சாரு. மணி கணகணன்னுச்சு. தண்ணி துள்ளித் தெறிச்சு எஞ்சின் மேல புஸ்ஸுன்னு ஆவியாப் போச்சு. “ஆகாது! இந்த எஞ்சின் குடும்பத்தைப் பிரிக்கும்!”னாரு சித்தரு. அம்மாசி முகம் செத்துப் போச்சு.

காளிதாசன் இறங்கி என் கடைப் பக்கமா வந்தான். “ஒரு செண்டோல் போடவா தம்பி?”ன்னேன். “வேணாம்ணே, சில்லுன்னு இருக்கு, தொண்டை கட்டிக்கும்,”னுட்டுப் போனான்.

அடுத்து புவனேஸ்வரனோட கறுப்பு வண்டி. மூணு லிட்டர், மினுமினுன்னு பாலிஷ். சொம்பு, மணி, விசாகம். தண்ணி சிலுசிலுன்னு நின்னுச்சு. “ஏழு பொருத்தமும் இருக்கு!” ராமையா கண்ணுல தண்ணியே வந்திடுச்சு. காளிதாசன் இறங்கினான். குளத்துல விழுந்து எழுந்தவன் மாதிரி சட்டையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. வந்ததும் ரெண்டு கிண்ணம் செண்டோல மடமடன்னு குடிச்சான்.

அம்சவள்ளி என் பக்கத்துலதான் நின்னுச்சு. அவனை மேலயும் கீழயும் பாத்துட்டு என்னைக் கேட்டுச்சு: “அண்ணே, இந்தத் தம்பி எப்பவும் இப்படியா? ஒரு வண்டிக்கு வேணாங்கிறான், ஒரு வண்டிக்கு ரெண்டு கிண்ணம் குடிக்கிறான்.”

“எப்பவும் இப்படித்தாம்மா. வெளி வண்டின்னா வேணாம்பான். கடை வண்டின்னா ரெண்டு கிண்ணம்.” சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே மனசுல ஏதோ இடிச்சுது. தினம் கிண்ணம் கழுவறவன் நான். எனக்குத் தோணல பாருங்க.

அதுக்குள்ள ராமையா முன்பணத்தை எடுத்து புவனேஸ்வரன் கையில வைக்கப் போயிட்டாரு.

“ஏங்க! நில்லுங்க!” அம்சவள்ளி போட்ட சத்தத்துல என் ஐஸ் கட்டியே ஒரு இஞ்சு உருகியிருக்கும். “சாமி, வெள்ளை வண்டிக்கு இன்னொரு தடவை சொம்பு வைங்க. இந்தத் தடவை தம்பி வேணாம், நான் உக்காருறேன்.”

“தெய்வத்தைச் சோதிக்கக் கூடாதும்மா.”

“தெய்வத்தை யாரு சோதிச்சா? வண்டியத்தான் சோதிக்கிறேன். உங்க சொம்பு, உங்க மணி, உங்க மந்திரம். சீட்டுல ஆளு மட்டும் வேற. இதுல என்ன பயம்?”

கூட்டத்துக்கு வேடிக்கைன்னா போதாதா? “வைங்க சாமி, வைங்கலா!”ன்னு கத்துச்சு. வேற வழியில்ல. சித்தரு வச்சாரு. அம்சவள்ளி ஏறி உக்காந்து நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டுச்சு. மந்திரக் காத்து போனா போகட்டும்!

சித்தரு மணி அடிச்சாரு. தண்ணி சிலுசிலுன்னுச்சு. இன்னும் வேகமா அடிச்சாரு. சிலுசிலுன்னுச்சு. கை மாத்தி அடிச்சாரு. குடும்பத்தைப் பிரிக்கிற எஞ்சின் பாட்டுக்கு சாதுவா ஓடிக்கிட்டு இருக்கு.

அம்சவள்ளி ஜன்னல்ல தலைய நீட்டுச்சு. “சாமி, மணிய நிறுத்துங்க. எல்லாரும் காதத் தீட்டிக்குங்க. இப்ப எஞ்சினுக்குக் கோபம் வரப்போகுது.”

டக்.

எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்குச்சு. தண்ணி துள்ளி சித்தரு வேட்டியிலேயே விழுந்துச்சு.

“இப்ப கோபம் போயிடும்.” டக். அடங்கிடுச்சு. “மறுபடி.” டக். துள்ளுச்சு.

“என்னக்கா பண்றீங்க?”ன்னு யாரோ கேட்டாங்க.

“ஏர்கோன் போடறேன்பா! உள்ள சில்லுன்னு காத்து வர ஏர்கோன் போட்டா எஞ்சினுக்குச் சுமை ஏறும், குலுங்கும். இந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் மணி. உள்ள சில்லுன்னு உக்காந்திருந்தவன் எப்படி செண்டோல் குடிப்பான்?”

கூட்டம் அப்படியே கறுப்பு வண்டிப் பக்கம் திரும்புச்சு. அப்புறம் ஒருத்தர் மெதுவா, “கறுப்பு வண்டிக்கும் போடுங்கக்கா,”ன்னாரு. போட்டுச்சு. டக். ஏழு பொருத்தமும் தெறிச்சு, சொம்பே உருண்டு கீழ விழுந்துச்சு.

“தெய்வம் மனசு மாறலாம்…”னு சித்தரு இழுத்தாரு.

“மாறலாம் சாமி. பாவம், அதுக்கும் வேர்க்கும்ல!”ன்னு பின்னாலேருந்து ஒரு குரல். கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. யாரு கியர் பாக்ஸும் போகல.

காளிதாசனை நாலு பேரு சூழ்ந்துக்கிட்டாங்க. “எனக்கு என்ன தெரியும்ணே? வெளி வண்டிக்கு ஏர்கோன் போடு, நம்ம வண்டிக்குப் போடாதன்னு தவுக்கே சொன்னாரு,”ன்னு அழுதான். தவுக்கேன்னா கடை முதலாளி, நம்ம புவனேஸ்வரன்; அவரைத் திரும்பிப் பாத்தா, அவசரமா யாருக்கோ போன் பேசிக்கிட்டு இருக்காரு. போன் தலைகீழா இருக்கு.

அம்சவள்ளி விடல. ஓடிக்கிட்டிருந்த கறுப்பு வண்டியில எஞ்சின் எண்ணெய் ஊத்துற மூடியைத் திருகித் தொறந்துச்சு. பூஜைக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி குபுகுபுன்னு புகை. “உள்ள எஞ்சின் தேஞ்சு போயிருக்கு. சரி தவுக்கே, இதுல முன் சக்கரம் இழுக்குமா?” தவுக்கே போனைக் காதோட இன்னும் அழுத்திக்கிட்டாரு. “பின் சக்கரம் மட்டுந்தானே? மழை பெஞ்ச செம்மண்ணுல, குலை பாரத்தோட, இது பின்னால உருண்டா உள்ள உக்காந்திருக்கிறது நான்!”

அப்பத்தான் ராமையாவுக்கு மூஞ்சி வெளுத்துச்சு. கையில இருந்த பணத்தைத் திருப்பி மடிச்சு வச்சுக்கிட்டாரு. விசாகத்துக்குப் பொருத்தம் பாத்தவரு, பொண்டாட்டிக்குப் பாக்கல. “தப்புதான் அம்சா,”ன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு, அதுக்கு அவரைப் பாராட்டணும்.

அம்மாசிகிட்ட வண்டி அங்கேயே கை மாறுச்சு. கிளம்பறப்ப ராமையா தலையச் சொறிஞ்சுக்கிட்டு, “நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் மட்டும்…”ன்னு ஆரம்பிச்சாரு.

“வைங்க. நசுக்கிட்டுப் போறேன். அதோட டயர்ல காத்து இருக்கான்னும் குனிஞ்சு பாருங்க. எப்படியும் குனியத்தானே போறீங்க!”

திங்கக்கிழமை குலை ஏறுச்சு, மேடும் ஏறுச்சு. சித்தரைக் காணோம். என் வியாபாரம் படுத்துச்சு, பரவாயில்ல. ஆனா வயித்தெரிச்சல் என்னன்னா, அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்ச அதே கூட்டம் இப்ப கூலிம் பக்கம் போகுது. அங்க ஒருத்தரு டயரை மோந்து பாத்தே ஆயுசு சொல்றாராம். போங்க, போங்க. போறப்ப இந்தச் செண்டோல்காரன் சொல்றத மட்டும் கேட்டுட்டுப் போங்க: எந்தச் சாமி முன்னாடி நின்னாலும் சொம்பைப் பாக்காதீங்க. பட்டன் யாரு கையில இருக்குன்னு பாருங்க.