இடப்பக்கம் பார்த்த ராஜா

இனிமேல் பழைய காசு எதையும் கையால் தொடுவதில்லை என்று முத்துலிங்கம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். செய்யாவிட்டால் அன்றைக்கு மனைவி பூரணியிடம் சோறு கிடைத்திருக்காது. மகள் தனுஜாவின் மாமியார் கொழும்பிலிருந்து வந்து, தேநீரைக் கடைசி மடக்குவரை குடித்துவிட்டு, கோப்பைக்கு அடியில் ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்தி படுத்திருப்பதைக் கண்டு போட்ட கூச்சல் அப்படி. வீட்டிலிருந்த கோப்பையிலெல்லாம் மனிதர் காசை ஊறப் போட்டிருந்தார்.

சத்தியம் தலவாக்கலைக் கடைத்தெரு வரைக்கும் தாங்கியது. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்கு வயர் வாங்க வந்தவரை, பழைய பித்தளைக் கடை அன்ஸார் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அண்ணே, ஒரு டின் வந்திருக்கு. எல்லாம் நட்டும் வாசரும்தான். நடுவுல ஒங்க ராஜாமாரு ரெண்டு மூணு பேரு இருக்காங்க."

"நான் விட்டுட்டேன் அன்ஸார்."

"வாங்கத்தானே கூடாது? பாருங்களேன்."

பார்த்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். சுண்டுவிரல் நகமளவு ரோமாபுரிச் செப்புக்காசு. ஒரு பக்கம் படைவீரன் ஒருவன் விழுந்த குதிரைக்காரனை ஈட்டியால் குத்துகிறான். அந்தப் படத்தோடும் அதன் கீழிருந்த அச்சுச்சாலைக் குறியோடும் வந்த காசுகளில் மறுபக்கத்து ராஜா வலப்பக்கம்தான் பார்ப்பார். முத்துலிங்கம் படித்த எந்தப் பட்டியலிலும் அப்படித்தான். இந்த ராஜாவோ இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே பதியாத வகை!

வெளிநாட்டு நாணயச் சங்கம் ஒன்று இப்படிப்பட்ட புது வகைகளை இணையத்தில் பதிகிறது. படமும் நிறையும் அனுப்பினால், கண்டெடுத்தவர் பெயரையும் போடுவார்கள். முத்துலிங்கத்தின் பெயர் அதுவரை அச்சேறியது சம்பளத் துண்டிலும் கரண்ட் பில்லிலும் மட்டும். சத்தியத்தை மறந்து காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நகைக்கடைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கடை அன்றைக்குப் பூட்டு. அதுவரை எங்கே ஒளிப்பது? பூரணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தவழுகிற பிள்ளை பொத்தானை வாயில் போட்டால் கன்னத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். அவளிடம் அரிசிப்பானையும் தலையணையுறையும் எம்மாத்திரம்? யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தார். காசைப் பஞ்சில் பொதிந்து மஞ்சள் துணியில் முடிந்து, காணிக்கை முடிச்சாக மாரியம்மன் படத்தடியில் வைத்துவிட்டார். நேர்ந்து முடிந்ததை யார் அவிழ்ப்பார்கள்?

விடிந்ததும் பூரணி விளக்கேற்றப் போனாள்.

"என்னங்க, இது என்ன முடிச்சு?"

"அது... ஒனக்காகத்தான். ஒன் மொழங்கால் வலி தீரணும்னு நேந்து முடிஞ்சேன்."

பூரணி முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப் பொய் சொன்னோமே என்று முத்துலிங்கம் குறுகிப்போனார். ஆனால் அன்றிலிருந்து ரொட்டிக்குக் கட்டச்சம்பலும் கருவாடும் வந்ததால் குறுகல் கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் கண்ணெதிரே முடிச்சை அவிழ்க்க வழியில்லாமலே நாள் போனது. வெள்ளிக்கிழமை காலையில் பூரணி புதுச்சேலையில் நின்றாள்.

"வலி சுத்தமா போயிருச்சுங்க! வாங்க, காணிக்கைய கட்டிட்டு வருவோம்."

"என்ன அவசரம்? இன்னும் நாலு நாள் பாப்போமே. குளிருக்கு திரும்ப வரும்."

"சாமி கொடுத்த பொறகு நாம இழுத்தடிக்கலாமா? எடுங்க முடிச்ச."

எடுத்தார். கோயில் மேட்டுப் படிகளில் பூரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். வலி எங்கேயும் போகவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து வருஷமாக இந்தக் காலோடுதான் இவள் பிள்ளைக் காம்பராவுக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். ராஜா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று லென்ஸ் வைத்துப் பார்த்த மனுஷன், இதைப் பார்க்கவில்லை.

உண்டியலுக்கு முன்னால் தயங்கி நின்றார். உள்ளே போனால் போனதுதான். பட்டியலும் இல்லை, பெயரும் இல்லை. அவர் பூரணியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தாயே, பொய்யாத்தான் நேந்தேன். இப்ப நெசமாவே கேக்குறேன். அவ கால சரியாக்கிரு" என்று முணுமுணுத்து முடிச்சைப் போட்டார். டொக்கென்று விழுந்தது. அழுகை வந்தது. கற்பூரப் புகை என்று சமாளித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பூரணி தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செப்புக்காசையும் வைத்தாள். ராஜா இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூரணி! இது எப்பிடி?"

"முடிச்ச தொட்டேன், மெத்துமெத்துன்னு இருந்துச்சு. காணிக்கைக் காசுக்கு யாருங்க பஞ்சு மெத்தை போடுவாங்க? கீறல் விழுந்துருமேன்னு பயப்படுற ஆளு இந்தத் தோட்டத்துல நீங்க ஒருத்தர்தான். அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு அவுத்துப் பாத்தேன். பொறகு ஒரு பத்து ரூபாக் காச வெச்சுக் கட்டுனேன்."

"அப்ப கோயில்ல..."

"நீங்க முணுமுணுத்தது கேட்டுச்சு." அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்புட்டுப் படியும் ஏறுனேன். நாளைக்கு என்னைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"கட்டாயம் போவோம்!" முத்துலிங்கம் காசை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மொதல்ல தராசுல நிறுத்து, போட்டோ புடிச்சு, சங்கத்துக்கு அனுப்புறேன்."

"நேத்தே அனுப்பியாச்சு. நகைக்கடையில நிறுத்துட்டு வந்தேன். நீங்க எப்பவும் சொல்ற சங்கத்துக்கு தனுஜாதான் எழுதி அனுப்புனா. புது வகைதானாம், பதிஞ்சுட்டாங்களாம்."

"பதிஞ்சுட்டாங்களா! கண்டெடுத்தது யாருன்னு போட்டிருக்கு?"

"நீங்கதான் காசையே தொடுறதில்லன்னு சத்தியம் பண்ணிருக்கீங்களே. ஒங்களப் போட்டா பொய்ச் சத்தியமாயிருமேங்க. சாமி படத்தடியில கண்டெடுத்தது நான்தானே?"

"அப்ப என் பேரு?"

பூரணி போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"திருமதி பூரணி முத்துலிங்கம். ஒங்க பேரும் இருக்குங்க, எனக்குப் பின்னால."