நெவில் கூரை ஏறிய சனிக்கிழமை

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, சண்டை போடாமலே பெண்டாட்டியை ஜெயிக்கும் வழியை நெவில் கண்டுபிடித்துவிட்டான். கிளெனிஸ் என்ன வேலை சொன்னாலும் "நோ வொரீஸ்", அதாவது கவலையே வேண்டாம், என்றுவிட வேண்டியது. அதற்குமேல் விரலைக்கூட அசைக்கத் தேவையில்லை.

மர்ரி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் இந்தச் சொல் இல்லாமல் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. நன்றி சொன்னாலும் நோ வொரீஸ். காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் நோ வொரீஸ். ஆனால் யாராவது உதவி கேட்டு, நாலு பேர் முன்னால் ஒருத்தன் இதைச் சொல்லிவிட்டால் அது கல்வெட்டு. இடி விழுந்தாலும் செய்தாக வேண்டும். செய்யாதவனோடு கிரிக்கெட் கிளப்பில் எவனும் பீர் குடிக்க மாட்டான். அதே வாய், அதே சொல். கேட்டது கட்டின மனைவி என்றால் மட்டும் காற்றோடு போச்சு. இது என்ன நியாயம் என்று நெவிலை யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"நெவில், கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் முழுக்கச் சருகு. வெயில் ஆரம்பிச்சாச்சு. காட்டுத்தீயிலேருந்து ஒரு பொறி பறந்து விழுந்தா வீடே போயிடும்."

"நோ வொரீஸ்."

"இதையே ஏழு வாரமா சொல்ற."

"ஏழு தடவையில ஒரு தடவையாவது மாட்டேன்னு சொன்னேனா?"

"சொல்லியிருந்தா நானே ஏறியிருப்பேனே. இந்தச் சனிக்கிழமை செய்வியா?"

"சனிக்கிழமைதான் காட் மீன் பிடிக்கத் தடை நீங்குற முதல் நாள். ராஸோட படகுல போறேன். வருஷம் பூரா இதுக்குத்தான் காத்திருக்கேன்."

கிளெனிஸ் வாதாடவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு லோர்னாவைப் பார்க்கப் போனாள். லோர்னா, நெவிலின் கூட்டாளி ராஸின் மனைவி. தான் ஜெயித்துவிட்டதாக எண்ணி நெவில் தூண்டிலைத் துடைக்க உட்கார்ந்தான்.

வெள்ளி மாலை கிளப் வாசலில் சாசேஜ் வறுபட்டுக்கொண்டிருந்தது. ராஸ் அந்தப் பக்கம் அடுப்பருகே கிளெனிஸோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். லோர்னா நேராக நெவிலிடம் வந்தாள்.

"நெவில், நாளைக்குக் காலையில எங்க வீட்டுக் கூரைச் சருகைத் தள்ளிக் குடுப்பீங்களா?"

தட்டும் கையுமாக எட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன், ராஸ் இருக்கானே?"

"அவர்கிட்ட ஆறு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நெவில். சிரித்த வாயை மூடுவதற்குள் "நோ வொரீஸ்" வெளியே வந்துவிட்டது.

அதனாலென்ன, விடிந்ததும் ஏறி எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் நேரே ஆற்றுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டான். ஆறு மணிக்கெல்லாம் ராஸ் வீட்டுக் கூரையில் இருந்தான். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டுக் கூரை. அதன்மேல் ஒருத்தன் குனிந்து சருகை அள்ளிக்கொண்டிருந்தான். அந்த முதுகை எங்கே பார்த்தாலும் தெரியும். போன் போட்டான்.

"என் கூரையில என்னடா பண்ற, ராஸ்?"

"கிளெனிஸ் கேட்டா. அத்தனை பேர் முன்னாடி கேட்டா, நான் வேற என்னடா சொல்றது? ஆமா, நீ எங்க இருக்க?"

"உன் கூரையில."

இரண்டு கூரையிலிருந்தும் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப படகு?" என்றான் ராஸ்.

நெவில் கீழே பார்த்தான். படகை இழுத்துக்கொண்டு ராஸின் வண்டி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது லோர்னா. பக்கத்தில், நெவிலின் தூண்டிலைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடி கிளெனிஸ்.

சாயங்காலம் நெவில் வீட்டுச் சமையலறை மேடையில் ஒரு காட் மீன் கிடந்தது. வால் மேடைக்கு வெளியே தொங்கியது. லோர்னா களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"இதைச் செதில் சுரண்டிச் சுத்தம் பண்ணணுமே" என்றாள் கிளெனிஸ்.

நெவில் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"லோர்னா, நீயே கேட்டுடு. நீ கேட்டாத்தான் நடக்குது."