காணாமல் போன பத்தொன்பது டிகிரி

கணக்குப்புலிக்கு அந்த முக்கோணத்தில் ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். லேப்டாப்பைச் சாய்த்துப் பார்த்தார். முக்கோணம் மசியவில்லை.

"முக்கோணம் ஏபிசியில் இரண்டு பக்கங்கள் சமம். உச்சிக் கோணம் நாற்பது டிகிரி. மற்ற இரண்டு கோணங்கள் என்ன?" கேட்டிருந்தது 'சூறாவளி' என்ற பெயரில் ஒளிந்திருந்த ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. திரையின் ஓரத்தில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் பதில் போயாக வேண்டும்.

கணக்குப்புலி என்பது நிறுவனம் அவருக்குச் சூட்டிய பட்டம். வீட்டுப்பாடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் பிள்ளைகள் இணையத்தில் கேள்வி அனுப்புவார்கள், நிபுணர்கள் பதில் சொல்லுவார்கள். நம்முடைய நிபுணர் அதற்கு முன்பு ஒரு குடைக் கம்பெனியில் பில் அடித்துக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். படியேறி இறங்கிக் கால் தேய்ந்தபின் இங்கே தட்டச்சு வேலை கேட்டு வந்தார். அதற்கு ஆள் எடுத்தாகிவிட்டது, கணக்குக்குத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். "கணக்கா? எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

சொன்னது முழுப் பொய்யும் அல்ல. தண்ணி பட்ட பாடாக இருந்தது எட்டாவது படிக்கும் அவருடைய மகளுக்கு. வருகிற கேள்வியை ஒரு தாளில் எழுதி, அப்பா உனக்காகவே யோசித்த கணக்கு, மூளைக்கு நல்லது என்று நீட்டுவார். பத்து நிமிடத்தில் விடை வழிமுறையோடு திரும்பி வரும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் சுத்தமாகச் செய்வார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை, அப்பா ஒரு கல்வி நிறுவனத்தில் நிர்வாகத்தில் இருப்பதாக ஐதீகம். படுக்கையறைக் கதவில் 'மீட்டிங் நடக்கிறது' என்று அட்டை தொங்கும். உள்ளே இஸ்திரி மேசையின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்துகொண்டிருப்பார்.

போன வாரம் மகள் பள்ளிச் சுற்றுலா போய்விட்டாள். அவள் திரும்புகிறவரை கணக்குப்புலி சொந்தமாகப் பதில் சொன்னார். பதிலுக்குப் பிள்ளைகள் போடும் நட்சத்திரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. காலையில்தான் மேற்பார்வையாளர் அம்மா போன் செய்திருந்தார்.

"சார், இன்னைக்குச் சராசரி மூணு ஸ்டாருக்குக் கீழ போச்சுன்னா உங்க பேரை எடுக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"மத்த நிபுணர்களும் இருக்காங்களே மேடம்? கொஞ்சம் பங்கு போட்டுக் குடுங்க."

"அவங்க எல்லாரும் பயிற்சிக்குப் போயிருக்காங்க. நீங்கதானே எனக்குப் பயிற்சியே வேண்டாம், எல்லாம் தெரியும்னு எழுதிக் குடுத்தீங்க? இன்னைக்கு எந்தக் கேள்வி வந்தாலும் உங்களுக்குத்தான்."

இந்த வேலையும் போனால் இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதைவிட, முகம் தெரியாத பிள்ளைகள் தன்னை 'சார்' என்று கூப்பிடுவது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. குடைக் கம்பெனியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆகவே வழக்கம்போல் தாளை எடுத்தார். கேள்விகளை வெளியே காட்டக் கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். அதனால் ஏபிசியைப் பிக்யூஆர் ஆக்கினார், முக்கோணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வரைந்தார். இனி அதைப் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டும் வரைபடமுமாக உட்கார்ந்திருந்த மகள் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மற்ற அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கொடுப்பதில்லை என்று எடுத்துச் சொன்னாள். மற்ற அப்பாக்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்று அவர் விளக்கினார்.

"சரி, பத்து நிமிஷம் குடுப்பா."

அறைக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் லேப்டாப் மறுபடி மணியடித்தது. இந்த முறை 'தூங்குமூஞ்சி' என்று ஒரு பிள்ளை. முக்கோணம் எக்ஸ்ஒய்இசட். கையால் வரைந்த படம், பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. நிற்கிற முக்கோணத்துக்கே வழியைக் காணோம், படுத்த முக்கோணத்துக்கு எங்கே போவது? இதிலும் நாற்பதுதான். இந்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நாற்பதுக்கு மவுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மகள் கன்னத்தில் கை வைத்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஏனோ லேட்டாகிறது என்றாள். அவசரப்படுத்தினால் பிள்ளைக்குச் சந்தேகம் வரும். அவர் சத்தமில்லாமல் அவளுடைய பையிலிருந்து கோணமானியை உருவினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "மீட்டிங்குக்குக் கோணமானி எதுக்கு?"

"கட்டட ஆளுங்க வராங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லேப்டாப் திரையில் கோணமானியை அழுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூங்குமூஞ்சியின் படுத்த முக்கோணத்தை அளந்தார். ஒரு மூலை அறுபத்து மூன்று. இன்னொரு மூலை ஐம்பத்தெட்டு. அளவெடுக்கும்போது கோணமானி கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான். முதலில் இந்தப் பிள்ளையிடம் விட்டுப் பார்ப்போம் என்று அனுப்பினார்.

வழிமுறை என்ன சார் என்று தூங்குமூஞ்சி கேட்டது.

"கூர்ந்து கவனி, தெரியும்" என்று தட்டினார் கணக்குப்புலி. ஒரு குருவின் கம்பீரம் அதில் இருப்பதாக அவருக்கே பட்டது.

கொஞ்ச நேரத்தில் மகள் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. வழிமுறை மட்டும் கிடைக்கவில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கணக்குப்புலிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு வெவ்வேறு கேள்வி, ஒன்று தலைகீழ், ஒன்று படுக்கை, ஆனாலும் ஒரே விடை! அவர் வெறும் கோணமானியால் அளந்தது, கணக்கில் கெட்டிக்கார மகள் மூளையால் போட்டதோடு அச்சாகப் பொருந்துகிறது. இத்தனை வருஷம் தன் திறமை தனக்கே தெரியாமல் குடைக்கடியில் கிடந்து வீணாகிவிட்டதே என்று நெஞ்சு விம்மியது. அதே சூட்டோடு சூறாவளிக்கும் விடையை அனுப்பினார்.

சூறாவளி லேசில் விடுகிற பிள்ளை இல்லை. "சார், ரெண்டு பக்கம் சமம்னா ரெண்டு கோணமும் சமமா இருக்கணுமே?"

"முக்கோணத்துக்கு முக்கோணம் மாறும்."

"மூணு கோணத்தையும் கூட்டினா நூத்தெண்பது வரணும் சார். உங்களுது நூத்தறுபத்தொண்ணுதான் வருது. மீதி பத்தொன்பது டிகிரி எங்க போச்சு?"

வேறொரு நாளாக இருந்தால் கணக்குப்புலி பம்மியிருப்பார். இன்றோ இரண்டு சாட்சிகளின் பலம் அவரிடம் இருந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பிள்ளைக்குப் பத்தொன்பது என்ன, ஒரு டிகிரிகூடத் தேறாது என்று ஒரு பத்தி அளவுக்கு உபதேசம் தட்டி அனுப்பினார். அக்காவைக் கேட்டேன், எழுபது எழுபது என்கிறாள், அதுதான் சரி என்று சூறாவளி எழுதியது. ஒரே ஒரு ஸ்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அரை மணி நேரம் அவர் இஸ்திரி மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார். போன் அடித்தபோது எடுக்கவே கை வரவில்லை.

"சார், அந்தப் பிள்ளையோட அம்மா என்னைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "உங்க கதை முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். ஆனா இன்னொரு பிள்ளை, அந்தத் தூங்குமூஞ்சி, உங்களுக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கு. ஒண்ணும் அஞ்சும் ஆறு, ரெண்டால வகுத்தா சரியா மூணு. தப்பிச்சீங்க."

கணக்குப்புலியின் கண்கள் நிறைந்துவிட்டன. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில், தன் அருமை தெரிந்த ஒரே ஒரு பிள்ளை. அது நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினார். பிறகு ஞாபகம் வந்து, தாளை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். அவருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், அவளுக்கு எப்படித் தவறியது?

"பாப்பா, இது தப்பாம். எழுபது எழுபதுதான் சரியாம். நீ எப்படிக் கண்ணு இதைப் போட்ட?"

மகள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டு விழாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"நீ குடுக்கற கணக்கை எல்லாம் நான் எங்கப்பா போட்டேன்? எழுத்தை மாத்தி, படத்தைத் திருப்பி ஆன்லைன்லதான் கேப்பேன், எப்பவும் கரெக்டா சொல்லுவாங்க. இன்னைக்குன்னு பாத்து யாரோ கணக்குப்புலியாம், வழி கேட்டா கூர்ந்து கவனிங்கறாரு... பாவம்பா, வேலை போயிடப் போகுதேன்னு அஞ்சு ஸ்டார் போட்டுவிட்டேன்."