மூக்கு சிவந்தவர் படம் போட்ட பீர்

மைக்கைக் கையில் கொடுத்தால் என் புத்தி வேலை செய்யாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. (இருந்த வெட்கமெல்லாம் பஹ்ரைன் நாட்டு மனாமாவில் ஒரு சாயங்காலம் மொத்தமாகத் தீர்ந்துவிட்டது.)

அங்கே ஓர் ஓட்டல் பாரில் எனக்கு வேலை. ஒரு சொட்டும் குடிக்காதவன், எட்டு வருடமாக அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பீட்டர் கனடாக்காரர். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் பிறந்தவர். சண்டை வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று நாடு நாடாகப் போய் நிலம் உழுத ஜனங்கள். அவருடைய அக்கா ஊரில் சின்னதாக ஒரு பீர் ஆலை நடத்தினார். அறுவடைக் காலத்தில் தர்பூசணியும் பொரித்த மாவுப் பலகாரமும் சேர்த்துத் தின்பது அவர்கள் வழக்கமாம். அந்த நினைவில் தர்பூசணி போட்டு ஒரு பீர், வீட்டுக் கறுப்பு ரொட்டியின் வாசனையில் இன்னொன்று. பாட்டிலில் தொப்பி வைத்த ஒரு கிழவர் படம். கன்னமும் மூக்கும் செக்கச்செவேல்.

பீட்டர் சில பெட்டிகளை வரவழைத்து ஒரு விருந்து வைத்தார். பீரைப் பற்றிப் பேச வேண்டியவன் நான். யாழ்ப்பாணத்துச் சமையல்காரர் சிவம் அண்ணை முன்னமே எச்சரித்தார்.

"தம்பி, எழுதினதை மட்டும் வாசிச்சுப்போட்டு இறங்கும். பகிடி, ஜோக் ஒண்டும் வேண்டாம்."

வாசித்தேன். கை தட்டினார்கள். இறங்கியிருக்கலாம். முன் மேசையில் ஒருவர், "படத்தில் இருப்பது யார்?" என்று கேட்டுவிட்டார்.

"இதை முதலில் குடித்துப் பார்த்தவர். மூக்கைப் பார்த்தாலே தெரியலையா?" என்றேன்.

கூடமே சிரித்தது. பீட்டர் சிரிக்கவில்லை. அவர் கையில் போன். திரையில், தலையில் துணி கட்டிய அவருடைய வயதான அம்மா. கனடாவில் அப்போது காலை. மகளின் பீரை மகன் ஓட்டலில் ஊற்றுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்.

"அது எங்கப்பா," என்றார் பீட்டர் மெதுவாக. "போய் அஞ்சு மாசம் ஆகுது. பீரைத் தொட்டதே இல்லை. ஆலை ஆரம்பிச்ச நாளிலிருந்து அக்காவோட பேசவும் இல்லை."

போனை வாங்கினேன். 'சாரி மேடம்' என்றேன்.

"பனியில் மாடு கறந்து சிவந்த மூக்கு அது," என்றார் அந்த அம்மா. சிரித்தார். பாதியிலேயே அது அழுகையானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"போன வருஷம் போயிட்டார். லீவு கிடைக்கல. போன்லதான் பார்த்தேன்."

"பீட்டரும் அவங்கப்பாவை அப்படித்தான் பார்த்தான்."

லீவு மாஃபி, அதாவது லீவே கிடையாது என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். மேனேஜரின் பாஸ்போர்ட்டும் அந்த வாரம் ஏதோ ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்ததாம். பீட்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் மைக்கை அணைத்தேன்.

அந்த பீர் மனாமாவில் ஓடவில்லை. ஆனால் பீட்டர் வீட்டில் இப்போதும், யாராவது குளிரில் மூக்கு சிவந்து உள்ளே வந்தால், "முதலில் குடித்துப் பார்த்தவர் வந்தாச்சு!" என்பார்களாம். எல்லோருக்கும் முந்திச் சிரிப்பது அந்த அக்காதானாம்.

எங்கள் வீட்டிலும் இதைச் சொல்லிக் காட்டி என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். என் அப்பா செத்தது குடியால். சிவந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியிருக்கிறது.